ஆங்கிலோ-சாக்சன் அன்றாட வாழ்வும் கைவினையும்: கற்பனை ஆட்டங்களுக்கு உலகம் அமைக்கும் முறை

ரோல்பிளேயிங் கேம் எனப்படும், பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டங்களுக்கு உலகம் அமைப்பவர்கள் பெரும்பாலும் வரைபடம், அரச வம்சம், பழைய போர்கள், தெய்வங்கள் என்று மேலிருந்து கீழே வருகிறார்கள். ஆட்டக்காரர்களுக்கு அந்த உலகம் கண்ணில் படுவது கீழிருந்துதான். மழையில் நனைந்தபடி ஓர் ஊருக்குள் நுழையும் கதாபாத்திரம் முதலில் பார்ப்பது வேலியையும் புகையையும். கையில் வாங்குவது ஒரு மரக் கிண்ணத்தை. அந்தக் கிண்ணத்தைக் கடைந்தவர் யார், உடைந்தால் இன்னொன்று எப்போது கிடைக்கும், திருடினால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரிடம் விடை இருந்தால் அந்த ஊர் நம்பும்படி இருக்கும். இத்தகைய விடைகளைத் தேடுவதற்கு ஆங்கிலோ-சாக்சன் இங்கிலாந்தைப் போல், அதாவது ரோமானியருக்குப் பின் கடல் கடந்து வந்து குடியேறிய ஜெர்மானிய மக்களின் இங்கிலாந்தைப் போல், வளமான களம் அரிது என்பது என் உறுதியான கருத்து. அங்கிருந்து நமக்குக் கிடைத்திருக்கும் சட்டங்கள், விடுகதைகள், மருத்துவ ஏடுகள், கல்லறைப் பொருள்கள், அகழ்ந்தெடுத்த குடியிருப்புகள் ஆகியவை உழைக்கும் மனிதர்களைப் பற்றி நிறையவே பேசுகின்றன.

முதலில் ஒரு காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

ரோமானிய ஆட்சி முடிந்த 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மானியர் வென்ற 1066 வரை அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் நீளும் காலம் இது. அதை ஒரே கலவையாக எடுத்துக்கொண்டால் சுவை கெட்டுவிடும். புதிதாக முயல்பவர்கள் 600-ஐ ஒட்டிய ஆண்டுகளை எடுத்துக்கொள்ளலாம். ரோமிலிருந்து அகஸ்டின் தலைமையில் வந்த துறவிகள் 597-இல் கென்ட் நாட்டில் இறங்கியிருக்கிறார்கள், பழைய தெய்வங்களும் புதிய சமயமும் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன, சிற்றரசுகள் பல, நாணயம் சாதாரண மக்களின் கைக்கு வருவதில்லை. கோட்டையும் படையெடுப்பும் வேண்டுமென்றால் ஆல்ஃபிரட் என்ற மன்னர் தென் இங்கிலாந்தின் வெசெக்ஸ் நாட்டை ஆண்ட 871 முதல் 899 வரையிலான காலம் பொருந்தும். அப்போது வெள்ளிப் பென்னி நாணயம் புழங்கியது. 240 பென்னி சேர்ந்தால் ஒரு பவுண்டு. சில்லறைக்காக நாணயத்தையே பாதியாகவும் கால்வாசியாகவும் வெட்டும் வழக்கமும் பிற்காலத்தில் பரவியது. எதைத் தேர்ந்தாலும் அந்தக் காலத்தின் பணப்பழக்கத்தை முதலில் முடிவு செய்யுங்கள். நாணயம் அரிதான உலகில் ஒரு வாளுக்கு விலைப்பட்டியல் போட முடியாது. கைம்மாறு, பரிசு, கடமை ஆகியவைதான் அங்கே செலாவணி.

குடியிருப்பு

சஃபோக் பகுதியில் உள்ள வெஸ்ட் ஸ்டோவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட குடியிருப்பு நல்ல மாதிரி. 5-ஆம் நூற்றாண்டு முதல் 7-ஆம் நூற்றாண்டு வரை மக்கள் வாழ்ந்த அந்த இடத்திலேயே வீடுகளை மீண்டும் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். நடுவில் அடுப்பெரியும் மரக்கூடங்களும், அவற்றைச் சுற்றி, குழி தோண்டி அதன்மேல் எழுப்பிய சிறு குடில்களும் அங்கே உண்டு. இந்தக் குடில்களின் குழிக்குள்ளேயே மக்கள் வசித்தார்கள் என்று முன்பு எண்ணினார்கள். கட்டிப் பார்த்த பிறகு, குழியின்மேல் பலகைத் தளம் பரப்பியிருக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. ஆட்டத்துக்கு இது ஒரு பரிசு. பலகைக்கு அடியில் இருண்ட, வறண்ட வெற்றிடம் இருக்கிறது. அங்கே எதை ஒளித்துவைக்கலாம், எது தானாக வந்து தங்கும் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.

கூடத்தில் புகைபோக்கி இல்லை. புகை கூரை வேய்ந்த புல்லின் ஊடே மெல்லக் கசிந்து வெளியேறும். எனவே உள்ளே நுழைபவரின் கண் கரிக்க வேண்டும், துணியில் புகைவாடை ஏற வேண்டும், உத்தரத்தில் தொங்கும் இறைச்சி அந்தப் புகையிலேயே பதப்பட வேண்டும். வருணனைக்கு இவ்வளவு போதும். வீட்டின் அளவையும் தூண்களின் எண்ணிக்கையையும் படித்துக் காட்டத் தேவையில்லை.

ஊருக்கு வெளியே ரோமானியர் விட்டுச்சென்ற கல் நகரங்கள் இடிந்து கிடக்கின்றன. மரத்தில் கட்டிப் பழகிய மக்கள் அவற்றை அரக்கர்களின் வேலை என்று பாடல்களில் அழைத்தார்கள். பாதாள அறைகளை வேறெங்கும் தேட வேண்டாம். இடிந்த வெந்நீர்க் குளியல் மண்டபமும் பாதி புதைந்த மொசைக் தரையும் போதும். அங்கே கிடைக்கும் ரோமானிய நாணயத்தை யாரும் செலவழிப்பதில்லை. துளையிட்டுக் கழுத்தில் கோத்துக்கொள்வார்கள். அப்படித் துளையிட்ட நாணயங்கள் பெண்களின் கல்லறைகளில் கிடைத்துள்ளன. ஒரு சிறுமியின் கழுத்தில் புத்தம் புதிதாகத் துளையிட்ட நாணயம் தொங்குகிறது என்றால், யாரோ அண்மையில் இடிபாட்டுக்குள் போய் வந்திருக்கிறார்கள் என்பதை ஆட்டக்காரர்கள் தாமாகவே புரிந்துகொள்வார்கள்.

நூற்பும் நெசவும்

கற்பனை ஆட்டங்களில் மிகவும் புறக்கணிக்கப்படும் தொழில் இது. அந்தச் சமூகத்தில் வேறெதையும்விட அதிக மணிநேரத்தை விழுங்கியது இதுவாகவே இருந்திருக்கும். ஒரு தறி ஓயாமல் ஓட வேண்டுமானால் பல தக்களிகள் இடைவிடாமல் சுழல வேண்டும். எலும்பிலோ சுட்ட மண்ணிலோ ஈயத்திலோ செய்த வில்லையைத் தக்களியின் அடியில் பொருத்தி, நடந்துகொண்டும் பேசிக்கொண்டும் பெண்கள் நூற்றார்கள். தறி சுவரில் சாய்ந்து நிமிர்ந்து நிற்கும். பாவு நூல்கள் மேலிருந்து தொங்கும். அவற்றை இழுத்துப் பிடிக்க, சுட்ட மண் வளையங்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டியிருப்பார்கள். எரிந்து விழுந்த குடில்களில் இந்த வளையங்கள் வரிசை குலையாமல் கிடப்பதை அகழ்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நெய்பவர் நின்றபடியே வேலை செய்கிறார். ஊடை நூலை மேல்நோக்கி அடித்து நெருக்குகிறார். செல்வப் பெண்களின் கல்லறைகளில் இப்படி அடிக்கும் கருவி இரும்பில், வாள் வடிவத்தில் கிடைத்திருக்கிறது. நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு அது அதிகாரச் சின்னமாக இருந்திருக்கலாம். உங்கள் ஆட்டத்தில் ஒரு மூதாட்டி அந்த இரும்புப் பட்டையை மடியில் வைத்துக்கொண்டு வழக்கு விசாரிக்கட்டும்.

நிறத்தையும் தகவலாகப் பயன்படுத்துங்கள். வோட் இலையிலிருந்து நீலம், மேடர் வேரிலிருந்து சிவப்பு, வெல்ட் செடியிலிருந்து மஞ்சள் கிடைத்தன. வோட் ஊறும் தொட்டி கடுமையாக நாறும். சாயக்காரரின் குடில் ஊரின் ஓரத்தில் இருப்பது இயல்பு. ஓட்டையிட்ட சிறு சதுரத் தகடுகளைத் திருப்பித் திருப்பி நெய்த கரைப்பட்டிகள் சட்டையின் கைமுனையை அலங்கரித்தன. அந்தப் பட்டியின் கோலத்தைக் கொண்டு அது எந்த ஊரில் நெய்தது என்று ஒரு நெசவாளி சொல்ல முடியும் என்று விதி செய்யுங்கள். ஆற்றில் ஒதுங்கிய பிணத்தை அடையாளம் காண மந்திரம் தேவைப்படாது. அந்தக் குழுவில் நெசவு தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். அவருக்குப் பகடைகூட உருட்ட வேண்டியதில்லை என்று நான் சொல்வேன்: தொழில் தெரிந்தவருக்குத் தன் தொழிலில் தெளிவாகத் தெரியும் விஷயம் தெரிந்தே ஆக வேண்டும்.

கொல்லன்

இரும்புக் கனிமத்தைக் கரியோடு சேர்த்துச் சிறு உலையில் சூடேற்றினால் கிடைப்பது, கசடு கலந்த பஞ்சு போன்ற கட்டி. அதை மீண்டும் மீண்டும் காய்ச்சி அடித்துக் கசடை வெளியேற்றிய பிறகுதான் பயனுள்ள இரும்பு கையில் நிற்கும். உயர்ந்த வாளுக்கு, பல இரும்புக் கம்பிகளை முறுக்கி ஒன்றாகப் பற்றவைத்து அடித்து, விளிம்பில் கடினமான எஃகை இணைத்தார்கள். தேய்த்து மெருகேற்றும்போது அந்த முறுக்குகள் அலகின் நடுவே பாம்பின் நெளிவு போலத் தெரியும். ஒவ்வொரு அலகிலும் நெளிவு வேறுபடும் என்பதால் வாளுக்கு அடையாளம் உண்டு; பெயர் உண்டு; முந்தைய உடைமையாளர் யார் என்ற வரலாறும் உண்டு. எனவே மந்திர வாள்களைக் கடையில் வாங்கும் பட்டியலை அகற்றிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் ஈட்டியும் கத்தியும் கேடயமுமே வைத்திருக்கட்டும். பல அமர்வுகளாக நீளும் ஓர் ஆட்டத்தொடர் முழுவதும் ஒரே ஒரு வாள் கைமாறினாலும் போதும்.

கொல்லனின் மதிப்பைக் காட்டும் சட்டம் ஒன்று உண்டு. 7-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெசெக்ஸ் மன்னர் இனே இயற்றிய சட்டத்தின்படி, இடம்பெயரும் பிரபு தன்னோடு மணியக்காரரையும் கொல்லனையும் தன் குழந்தைகளின் செவிலியையும் அழைத்துச் செல்லலாம். கொல்லன் போய்விட்ட ஊர் என்ன ஆகும்? கலப்பைக்கொழு தேய்ந்துவிட்டது, உழவு நெருங்குகிறது, அடுத்த கொல்லன் பகைவரின் எல்லைக்குள் இருக்கிறான். இதுவே ஒரு முழு ஆட்டத்துக்குப் போதுமான சிக்கல். ஆல்ஃபிரடின் சட்டத்தில் இன்னொன்று: பழுதுபார்க்க வாங்கிய ஆயுதத்தை, வாங்கியபோது இருந்தது போலவே குற்றக்கறை இல்லாமல் திருப்பித் தர வேண்டும். மெருகேற்றக் கொடுத்த வாளால் இரவில் ஒருவர் கொல்லப்பட்டிருக்கிறார். காலையில் வாளைக் கேட்டுக் கதாபாத்திரம் வந்து நிற்கிறார்.

கொல்லனைச் சுற்றித் தெய்வீகமும் அச்சமும் இருந்தன. வேலண்ட் என்ற புராணக் கொல்லன், தன்னைச் சிறைவைத்த அரசனைப் பழிவாங்கும் காட்சி, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள 8-ஆம் நூற்றாண்டுத் திமிங்கல எலும்புப் பேழையில் செதுக்கப்பட்டிருக்கிறது. அரக்கனுக்கும் தேவனுக்கும் நடுவே ஒரு கொல்லனை உங்கள் கதையில் வைக்க விரும்பினால் அவன் பொருந்துவான்.

பிற தொழில்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். மான் கொம்புத் தகடுகளை இரும்பு ஆணியால் இணைத்துச் சீப்புச் செய்தார்கள். துறவி மடங்களில் கன்றுத் தோலைப் பதப்படுத்தி ஏடாக்கினார்கள். மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினார்கள். ஒரு பெரிய பைபிளுக்கு நூற்றுக்கணக்கான கன்றுகளின் தோல் வேண்டும் என்பதால், புத்தகத்தைத் திருடுவது ஒரு மந்தையைத் திருடுவதற்குச் சமம். ஏல்ஃப்ரிக் என்ற துறவி மாணவர்களுக்காக எழுதிய லத்தீன் உரையாடல் பாடத்தில் உழவன், இடையன், மீனவன், வணிகன், செருப்புத் தைப்பவன், உப்புக் காய்ச்சுபவன் ஆகியோர் தம் நாளை விவரிக்கிறார்கள். அதில் உழவன், எவ்வளவு கடுங்குளிர் ஆனாலும் ஆண்டைக்குப் பயந்து வீட்டில் இருக்கத் துணிவதில்லை என்கிறான். எருதுகளை ஓட்டும் சிறுவனுக்குக் குளிராலும் கூச்சலாலும் தொண்டை கட்டிவிட்டது என்கிறான். தான் சுதந்திரமானவன் அல்லன் என்றும் சொல்கிறான். அடிமைமுறை அந்த உலகின் அடித்தளத்தில் இருந்தது. அதை மறைக்கவும் வேண்டாம், அலங்காரமாக்கவும் வேண்டாம். எவ்வளவு காட்டலாம் என்பதை ஆடத் தொடங்கும் முன்பே குழுவோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

சட்டத்தையே ஆட்டவிதியாக்குதல்

இந்தப் பகுதியில்தான் அதிகம் தங்க வேண்டும் என்பேன், ஏனெனில் அந்தச் சட்டங்கள் ஏறத்தாழ ஆட்டவிதி போலவே எழுதப்பட்டிருக்கின்றன. 600-ஐ ஒட்டிக் கென்ட் மன்னர் ஏதல்பெர்ட் வெளியிட்ட சட்டத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் இழப்பீடு உண்டு: கண் போனால் 50 ஷில்லிங் (அன்று மதிப்பைக் கணக்கிட்ட அலகு), காது அறுந்தால் 12, கட்டை விரலுக்கு 20, முன்பல்லுக்கு 6. பிற்கால வெசெக்ஸில் சாதாரணச் சுதந்திர உழவனின் உயிர்விலை 200 ஷில்லிங், உயர்குடியினனுடையது 1200. ஒரு சண்டையில் வெல்வது எளிது. அதன் பிறகு இறந்தவனின் உறவினர் வாசலில் வந்து நின்று விலையைக் கேட்பார்கள். தராவிட்டால் குலப்பகை தொடங்கும். இந்த ஒரே விதியைச் சேர்த்தாலே ஆட்டக்காரர்கள் வாளை உருவும் முன் யோசிக்கத் தொடங்குவார்கள்.

இனேயின் சட்டம் ஆட்களின் எண்ணிக்கையையும் வகைப்படுத்துகிறது. ஏழு பேர் வரை இருந்தால் திருடர்கள். ஏழு முதல் 35 வரை இருந்தால் கொள்ளைக் கூட்டம். அதற்கு மேல் இருந்தால் படை. உங்கள் குழுவில் ஐந்து பேர் ஆயுதத்தோடு சுற்றினால் ஊர் அவர்களை எப்படிப் பார்க்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது. அதே சட்டம், வழியை விட்டு விலகிக் காட்டுக்குள் செல்லும் அந்நியன் கூவாமலும் கொம்பு ஊதாமலும் நடந்தால் அவனைத் திருடனாகவே கருதலாம், கொல்லவும் செய்யலாம் என்கிறது. ஆக, பதுங்கிச் செல்வதற்கும் சட்டப்பாதுகாப்புக்கும் இடையே ஆட்டக்காரர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொம்பு ஊதினால் ஊர்க்காரர்கள் தாக்க மாட்டார்கள். காட்டில் உள்ள வேறு ஏதோ ஒன்று அதைக் கேட்கும்.

மரத்தை வெட்டுவதைவிட எரிப்பதற்கு இனே அதிகத் தண்டம் விதித்தார். காரணம், தீ ஓசையின்றித் திருடும் திருடன். கோடரியோ தன் ஓசையால் தானே காட்டிக்கொடுத்துவிடும். மரம் வெட்டும்போது உடன் வேலை செய்தவன்மேல் அது விழுந்து அவன் இறந்தால், அந்த மரத்தை இறந்தவனின் உறவினருக்குத் தந்துவிட வேண்டும், அவர்கள் அதை 30 நாள்களுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆல்ஃபிரடின் சட்டம் கூறுகிறது. அந்த மரத்துக்குள் ஓர் ஆவி குடியிருந்தால் அதைச் சுமந்து வீட்டுக்குக் கொண்டுசெல்லும் பணியே உங்கள் கதாபாத்திரங்களுக்கு வரட்டும்.

ஆட ஆடச் சேரும் அனுபவப் புள்ளிகளால் மட்டும் கதாபாத்திரத்தின் நிலை உயர்வதும் தேவையில்லை. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஒரு ஆவணம், சுதந்திர உழவனுக்குச் சொந்தமாக ஐந்து ‘ஹைட்’ நிலமும், தேவாலயமும், சமையற்கூடமும், மணிக்கூண்டும், வாயிற்கோட்டையும், அரசவையில் இருக்கையும் பணியும் இருந்தால் அவன் ‘தெய்ன்’ என்ற பிரபு நிலையைப் பெறலாம் என்கிறது. ஹைட் என்பது ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம். சொந்தச் செலவில் மூன்று முறை கடல் கடந்த வணிகனுக்கும் அதே உரிமை உண்டு. நீண்ட தொடருக்கு இதைவிட நல்ல இலக்கு வேண்டுமா?

மருந்தும் மந்திரமும்

மந்திரத்துக்குத் தனிப்பட்டியல் தயாரிக்கும் முன் மருத்துவ ஏடுகளின் இயல்பை உள்வாங்குங்கள். மருந்து, பிரார்த்தனை, மந்திரச் சொல் ஆகிய மூன்றும் அங்கே ஒரே கிண்ணத்தில் கலக்கின்றன. ஒன்பது மூலிகைகளைப் போர்வீரர்களைப் போல் ஒவ்வொன்றாக விளித்துப் பாடும் மந்திரம் ஒன்று உண்டு. பழைய தெய்வமான வோடன் ஒன்பது குச்சிகளால் பாம்பை அடிக்க அது ஒன்பது துண்டுகளாகச் சிதறியதையும் அது சொல்கிறது. தேனீக் கூட்டம் பறந்து போகாமல் இருக்க, மண்ணை அள்ளி அவற்றின்மேல் வீசி, வெற்றிப் பெண்களே, தரையில் இறங்கி அமருங்கள் என்று வேண்டினார்கள். விளையாத நிலத்தைக் குணப்படுத்த நான்கு பக்கமும் புல்தரையைப் பெயர்த்தெடுத்து, அதில் எண்ணெயும் தேனும் ஈஸ்ட்டும் பாலும் சேர்த்து, தேவாலயத்துக்குக் கொண்டுபோய் வழிபாடு செய்வித்து, சூரியன் மறையும் முன் அதே இடத்தில் பதித்தார்கள். பூண்டு, வெங்காய இனம், ஒயின், காளையின் பித்தநீர் ஆகியவற்றை ஒன்பது இரவு பித்தளைப் பாத்திரத்தில் வைத்துச் செய்யும் கண்மருந்து, 2015-இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் மருந்துக்கு அடங்காத கிருமியையும் கொன்றது.

இவற்றிலிருந்து ஒரு விதி தெளிவாகிறது: மந்திரத்துக்குப் பொருள், நேரம், சொல் மூன்றும் வேண்டும். ஒன்பது இரவு காத்திருக்க வேண்டிய மருந்தைக் கதாபாத்திரம் கேட்டால், அந்த ஒன்பது இரவுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் கதை.

விருந்து, விருந்தினர், வேற்றுநாட்டவர்

கூடத்து விருந்தை ஆடும்போது யாழைச் சுற்றில் விடுங்கள். பீட் என்ற துறவி 731-இல் முடித்த வரலாற்று நூலில், யாழ் தன்னை நெருங்குவதைக் கண்டு, பாடத் தெரியாத வெட்கத்தில் எழுந்து மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விடும் கேட்மன் என்பவரைப் பற்றிச் சொல்கிறார். யாழ் வரும்போது ஒவ்வோர் ஆட்டக்காரரும் தன் பாத்திரத்தின் குரலில் ஒரு விடுகதையோ நாலு வரியோ சொல்ல வேண்டும், அல்லது எழுந்து போக வேண்டும். கலப்பை, வெங்காயம், கேடயம் போன்ற பொருள்கள் தாமே பேசுவதாக அமைந்த பழைய விடுகதைகள் எக்ஸிட்டர் பேராலயத்தின் ஏட்டில் இருக்கின்றன. அந்தப் பாணியில் புதிதாகக் கட்டுவது கடினமில்லை.

வேடம் போடும் கதாபாத்திரங்களுக்கு பீட் சொல்லும் இன்னொரு நிகழ்வு உதவும். 679-இல் டிரென்ட் ஆற்றங்கரைப் போரில் பிடிபட்ட இம்மா என்ற வீரர், தான் படைக்கு உணவு கொண்டுவந்த ஏழை உழவன் என்று பொய் சொன்னார். முகமும் நடையும் பேச்சும் அவர் உயர்குடியினர் என்று காட்டிக்கொடுத்துவிட்டன. அவர்மேல் பூட்டிய விலங்குகள் தாமே அவிழ்ந்ததால், கட்டவிழ்க்கும் எழுத்து மந்திரம் வைத்திருக்கிறாயா என்று பிடித்தவர்கள் கேட்டார்கள். கடைசியில் லண்டனில், வடகடலின் எதிர்க்கரையைச் சேர்ந்த ஒரு ஃப்ரீசியனுக்கு விற்கப்பட்டார். வேடமிடும்போது உடையை மாற்றினால் போதாது. கையில் காய்ப்பு இருக்கிறதா, கலப்பையைச் சரியாகப் பிடிக்கிறாரா என்று கேளுங்கள்.

இந்த உலகை ஒரே இனத்தவரின் மூடிய தீவாகக் காட்டுவது வரலாற்றுக்கே மாறானது. 7-ஆம் நூற்றாண்டில் கேன்டர்பரியின் பேராயராக இருந்த தியோடோர் ஆசியா மைனரின் டார்சஸ் நகரத்தவர். அவரோடு உழைத்த ஹேட்ரியன் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர். 1939-இல் சட்டன் ஹூவில் அகழ்ந்தெடுத்த கப்பல் கல்லறையில் பைசாந்தியப் பேரரசின் வெள்ளிப் பாத்திரங்கள் இருந்தன. அக்கால நகைகளில் பதித்த சிவப்புக் கார்னெட் கற்களில் பல இந்தியா, இலங்கைப் பகுதிகளிலிருந்து சென்றவை எனக் கருதப்படுகிறது. எனவே தொலைதூர வணிகரோ அறிஞரோ உங்கள் மேசையில் இடம்பெற எந்தச் சாக்கும் தேவையில்லை.

முதல் ஆட்டத்தை நடத்துதல்

ஒவ்வோர் ஆட்டக்காரரையும் முதலில் தொழிலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். போர்த்திறனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தொழிலோடு ஒரு கருவி, அதைக் கற்றுத்தந்தவரின் பெயர், யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்ற விவரம் மூன்றும் தாளில் இருக்கட்டும். ஊரில் ஒரு பற்றாக்குறையைத் தீர்மானியுங்கள்: உப்பு வரவில்லை, கரிசுடுபவர் திரும்பவில்லை, தேன்கூடு காலியாகிவிட்டது. ஆல்ஃபிரடின் காலத்துக்கு முன்பு தேனீத் திருடனுக்கெனத் தனித் தண்டமே இருந்தது என்பதால் கடைசிச் சிக்கலை அற்பமானது என்று எண்ண வேண்டாம். காலத்தை பீட் பதிவுசெய்த பழைய மாதங்களால் அளவிடுங்கள்: பசுக்கள் நாளுக்கு மூன்று முறை கறந்த மே மாதம், குளிர்காலத்தின் முதல் முழுநிலவைக் குறித்த அக்டோபர், அறுக்கப்போகும் கால்நடைகளைத் தெய்வங்களுக்குப் படைத்த நவம்பர்.

ஓர் ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு பருவம் கடக்கட்டும். அந்தப் பருவத்தில் கதாபாத்திரம் என்ன செய்தது என்பதை ஒரே பொருளாக மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்: நெய்து முடித்த போர்வை, தீட்டிய அரிவாள், பாதி எழுதிய ஏடு, இன்னும் கொடுத்து முடியாத உயிர்விலை. அடுத்த ஆட்டத்தின் முதல் காட்சியை அந்தப் பொருள்களில் ஒன்றைக் கேட்டு யாரோ கதவைத் தட்டுவதிலிருந்து தொடங்குங்கள்.